அன்பின் விலையை யார் கொடுப்பது?

1999 செப்டம்பர் 20 அன்று அமெரிக்காவின் என்.பி.சி. தொலைக்காட்சியில் ஒரு காவல்துறைத் தொடர் தொடங்கிற்று. ‘லா அண்ட் ஆர்டர்: ஸ்பெஷல் விக்டிம்ஸ் யூனிட்’ என்பது அதன் பெயர். படைத்தவர் டிக் வுல்ஃப். பாலியல் வன்முறைகளையும் சிறுவர்க்கு இழைக்கப்படும் கொடுமைகளையும் புலனாயும் நியூயார்க் நகரக் காவல் பிரிவு ஒன்றின் கதை அது. 2019இல் 21ஆம் பருவத்தில் அடியெடுத்து வைத்தபோது, அமெரிக்காவின் இரவு நேர முதன்மை ஒளிபரப்பில் நடிகர்கள் தோன்றி நடிக்கும் கதைத் தொடர்களுள் மிக நெடுங்காலம் ஓடியது என்னும் பெயரைப் பெற்றது. அதன் 27ஆம் பருவம் 2025 செப்டம்பரில் தொடங்கிற்று.

500க்கும் மேற்பட்ட அத்தியாயங்கள். அத்தனையிலும் குற்றங்கள், விசாரணைகள், நீதிமன்ற வாதங்கள். ஆயினும் இக்கால் நூற்றாண்டில் இத்தொடரின் இரசிகர்கள் ஓயாது வாதிட்டு வந்தது எந்தக் குற்றத்தைப் பற்றியும் அன்று. எந்தத் தீர்ப்பைப் பற்றியும் அன்று. புலனாய்வாளர்களான ஒலிவியா பென்சன், எலியட் ஸ்டேப்ளர் ஆகிய இருவருக்கும் இடையே இருப்பது என்ன உறவு என்பதே அவர்களது வாதப் பொருள். அது காதலா, நட்பா, தொழில் தோழமையா? அது திருமணத்தில் முடிய வேண்டுமா, முடியலாகாதா?

வேலையற்றோர் வாதம் என்று இதனை ஒதுக்கிவிடத் தோன்றும். அவ்வாறு ஒதுக்குவது திறனாய்வாளனுக்கு அழகன்று. இல்லாத இரு மனிதரின் நலத்துக்காக இருக்கின்ற மனிதர் இத்தனை ஆண்டுகள் கவலைப்பட்டிருக்கின்றனர் எனில், அக்கதை அவர்களது உள்ளத்தில் ஏதோ ஒரு மெய்யான கேள்வியைத் தொட்டிருக்கிறது என்று பொருள். அக்கேள்வி எது, அதற்கு இத்தொடர் என்ன விடை தருகிறது என்பதைக் காண்பதே இக்கட்டுரையின் நோக்கம்.

இரு மாந்தர்

தொடரைப் பாராத வாசகர்க்காகச் சில செய்திகளை முதலில் சொல்லிவிட வேண்டும்.

ஒலிவியா பென்சனாக நடிப்பவர் மாரிஸ்கா ஹார்கிட்டே. ஒலிவியாவின் தாய் பாலியல் வன்முறைக்கு ஆளானவள். அவ்வன்முறையில் கருவாகிப் பிறந்தவள் ஒலிவியா. தாய் மதுவில் மூழ்கினாள். ஆகவே, தான் பிறந்ததே ஒரு குற்றத்தின் விளைவு என்னும் எண்ணத்தோடு வளர்ந்த ஒருத்தி, அதே குற்றத்துக்கு ஆளானோரின் அருகில் அமர்ந்து அவர்கள் சொல்வதைக் கேட்பதைத் தன் வாழ்வாக்கிக்கொள்கிறாள்.

எலியட் ஸ்டேப்ளராக நடித்தவர் கிறிஸ்டோபர் மெலோனி. ஸ்டேப்ளர் முன்னாள் படைவீரன், காவலரின் மகன், கத்தோலிக்கன், இளமையிலேயே மணமாகி நான்கு பிள்ளைகளுக்குத் தந்தையானவன். மனைவியின் பெயர் கேத்தி. குழந்தைகளுக்குத் தீங்கிழைத்தவனைக் கண்டால் அவனுடைய கை தானாக உயரும். அந்தச் சினத்தை ஒலிவியாவின் ஒரு பார்வை அடக்கிவிடும். அவளது உள்ளத்தில் இறங்கியிருக்கும் வேதனையை அவள் சொல்லாமலேயே அவன் அறிந்துகொள்வான். 12 பருவங்கள், அதாவது 1999 முதல் 2011 வரை, இருவரும் ஒரே வண்டியில் சென்றனர். எதிரெதிர் மேசைகளில் அமர்ந்தனர். ஒருவரது உயிரை மற்றவர் காத்தனர். அவர்கள் ஒருமுறைகூடக் காதலைச் சொல்லிக்கொண்டதில்லை. சொல்லாமை என்பதே பார்வையாளருக்குச் சொல்லாகிவிட்டது.

இரு கட்சிகள்

இத்தகைய வாதம் இத்தொடரோடு பிறந்ததன்று. 1993இல் தொடங்கிய ‘தி எக்ஸ்-ஃபைல்ஸ்’ தொடரில் முல்டர், ஸ்கல்லி என்னும் இரு புலனாய்வாளரைக் குறித்து இரசிகர்கள் இரண்டு அணியாயினர். இருவரும் காதலில் இணைய வேண்டும் என்றோர், உறவைக் குறிக்கும் ‘ரிலேஷன்ஷிப்’ என்னும் ஆங்கிலச் சொல்லின் வாலைப் பிடித்துத் தம்மை ‘ஷிப்பர்’ என்றழைத்துக்கொண்டனர். கூடாது என்றோர், காதல் வேண்டா என்னும் பொருளில் ‘நோரோமோ’ எனப்பட்டனர். பின்வந்த குற்றப் புலனாய்வுத் தொடர்கள் பலவற்றின் இரசிகர்கள் இப்பிரிவினையை மரபுரிமையாகப் பெற்றனர். பென்சன்–ஸ்டேப்ளர் இணை, அவற்றுள் மிக நீண்ட வழக்கு எனலாம்.

இரு தரப்பையும் மதித்துக் கேட்க வேண்டும். இரண்டிலும் வலுவான நியாயம் உண்டு.

இணைய வேண்டும் என்போரின் வாதத்தை, வெறும் முத்தக் காட்சிக்கான ஏக்கம் என்று குறுக்கிவிடலாகாது. இத்தொடரைப் பார்த்த பலர், தமக்கு நேர்ந்த கொடுமைகளை முதன்முறையாக விவரித்து நடிகை ஹார்கிட்டேக்கு மடல்கள் எழுதினர். அம்மடல்களின் சுமையே அவரை 2004இல் ‘ஜாய்ஃபுல் ஹார்ட்’ என்னும் அறக்கட்டளையைத் தொடங்கச் செய்தது. கற்பனைக் காவலர் ஒருத்தியிடம் மெய்யான மனிதர் தம் காயங்களைத் திறந்து காட்டினர் என்பது தொலைக்காட்சி வரலாற்றில் சிறிய செய்தி அன்று. அத்தகையோரின் கண்ணில் ஒலிவியா, பிறரது நோவையெல்லாம் தாங்குபவள். அவளது நோவைத் தாங்குபவர் யார் என்று அவர்கள் கேட்பது இயல்பு. ‘அவளுக்கு ஓர் இல்லம் வேண்டும், அவளை முழுமையாக அறிந்தவன் அவன் ஒருவனே’ என்னும் அவர்களது வாதத்தின் அடியில், காயம்பட்டவர்க்கும் இன்ப வாழ்வு உண்டா என்னும் கேள்வி துடிக்கிறது.

மறுதரப்பாரின் வாதமும் குறைந்ததன்று. ஆணும் பெண்ணும் நெருங்கினால் அது காமத்தில்தான் முடியும் என்று கருதும் உலகில், 12 ஆண்டுகள் ஒருவரையொருவர் நம்பி நின்ற இருவரைக் காட்டியது இத்தொடர். அதிலும், ஆசை வன்முறையாகத் திரிவதையே வாரந்தோறும் காட்டும் ஒரு தொடரில், ஆசையின் நிழல் படியாத நம்பிக்கை ஒன்று நடுவில் நிற்பது பெரிய ஆறுதல். அரிஸ்டாட்டில் தம் அறநூலின் பத்துப் பகுதிகளுள் இரண்டை நட்புக்கே ஒதுக்கினார். வள்ளுவர் நட்பைக் காமத்துப்பாலின் வாசலில் நிறுத்தாமல், பொருட்பாலில் பொதுவாழ்வின் தூண்களுள் ஒன்றாக வைத்தார். நட்பு, காதலின் முன்னறை அன்று. அது தனி மாளிகை. இருவரையும் மணவறைக்கு இழுத்துச் செல்வது அம்மாளிகையை இடிப்பதாகும் என்பது அவர்களது அச்சம்.

வணிகர் வகுத்த களம்

இரு தரப்பாரும் அறிந்தோ அறியாமலோ நிற்கும் களம் ஒன்றுண்டு. அது தொலைக்காட்சி வணிகர் வகுத்த களம்.

1985 முதல் 1989 வரை ஓடிய ‘மூன்லைட்டிங்’ என்னும் துப்பறியும் தொடரில் நாயகனும் நாயகியும் ஓயாது சண்டையிட்டனர். அச்சண்டையின் அடியில் ஓடிய ஈர்ப்பே தொடரின் உயிராக இருந்தது. 1987இல் இருவரும் இணைந்தனர். அதன்பின் தொடர் சரிந்தது. ‘இணைத்தால் தொடர் சாகும்’ என்னும் சூத்திரம் அன்று பிறந்தது. உண்மையில் அச்சரிவுக்குக் காரணங்கள் பல: படப்பிடிப்பு ஓயாது தாமதப்பட்டது; நாயகி சிபில் ஷெப்பர்டு கருவுற்றிருந்தார்; நாயகன் புரூஸ் வில்லிஸ் 1988இல் திரைப்பட நட்சத்திரமாகிவிட்டார்; அதே ஆண்டில் எழுத்தாளர் வேலைநிறுத்தமும் வந்தது. இவை மறக்கப்பட்டுச் சூத்திரம் மட்டும் நிலைத்தது. பின்னாளில் ‘போன்ஸ்’ தொடரின் இணை 2013இல் மணந்தபின்னும் அத்தொடர் 2017 வரை ஓடியது. ‘கேஸில்’ தொடரின் இணையும் 2014இல் மணந்தது. அத்தொடர் 2016 வரை நடந்தது. சூத்திரம் பொய்த்தது. ஆயினும் தள்ளிப்போடுதல் இலாபம் தரும் என்னும் பழக்கம் மறையவில்லை.

ஆகவே, இணைவார்களா மாட்டார்களா என்பது கதையின் உள்ளிருந்து எழுந்த கேள்வி என்பதைவிட, பார்வையாளனை அடுத்த வாரமும் அமரவைக்கும் கயிறு என்பதே பொருந்தும். அக்கயிற்றின் இரு முனைகளை இரு கட்சியாரும் பற்றி இழுக்கின்றனர். கதையோ, தன் சிறந்த அத்தியாயங்களில், முற்றிலும் வேறொரு கேள்வியைக் கேட்கிறது. ‘இவர்கள் அன்பு செய்கிறார்களா?’ என்று அது கேட்கவில்லை. அதற்கு விடை யாவர்க்கும் தெரியும். ‘இவர்களது அன்பின் விலையை யார் கொடுப்பது?’ என்று அது கேட்கிறது.

ஒரு சிறுவன் கொடுத்த விலை

2006 ஏப்ரலில் ஒளிபரப்பான ‘ஃபால்ட்’ என்னும் அத்தியாயத்தை இதற்குச் சான்றாகக் கொள்ளலாம். சிறுவன் ஒருவனையும் அவனுடைய உடன்பிறந்த சிறுமியையும் ஒரு கொடியவன் கடத்திச் செல்கிறான். மக்கள் நெருக்கமுள்ள நிலையம் ஒன்றில் காவலர் அவனை நெருங்குகின்றனர். தப்பும் வழியில் அவன் ஒலிவியாவின் கழுத்தில் கத்தியால் கீறுகிறான். ஸ்டேப்ளர் அவனைத் துரத்தாமல் ஒலிவியாவிடம் ஓடுகிறான். அவளது காயம் சிறியது. ஆனால் அந்தச் சில நொடிகளில் அச்சிறுவன் கொல்லப்படுகிறான்.

கதை அங்கே நிற்கவில்லை. பின்னர் அதே கொலைகாரன் ஸ்டேப்ளரின் தலையில் துப்பாக்கியை வைத்து நிற்கிறான். சிறுமி எங்கே என்பது அவன் ஒருவனுக்கே தெரியும். தன்னைப் பொருட்படுத்தாமல் சுடும்படி ஸ்டேப்ளர் சொல்கிறான். ஒலிவியாவால் சுட முடியவில்லை. முதலில் அவன் அவளைத் தேர்ந்தான். பின்னர் அவள் அவனைத் தேர்ந்தாள்.

காதல் கதைகளில் இத்தகைய தேர்வு வெற்றியின் உச்சமாகப் போற்றப்படும். இத்தொடரில் அது குற்றத்தின் பெயரைத் தாங்குகிறது. தலைப்பே ‘தவறு’ என்று பொருள்படும். இறுதியில் இருவரும் அமர்ந்து பேசும்போது, கடமைக்கு மேலாக ஒருவரையொருவர் தேர்ந்துவிட்டோம் என்பதை ஸ்டேப்ளர் சொல்கிறான். இது தொடர்ந்தால் சேர்ந்து பணியாற்ற இயலாது என்கிறான். ஒலிவியா இடமாற்றம் கேட்டுச் செல்கிறாள். அவர்களது அன்பு மிகத் தெளிவாக வெளிப்பட்ட பொழுதே அவர்கள் பிரிய வேண்டிய பொழுதாயிற்று.

இரசிகர்கள் இக்காட்சியைப் பல்லாயிரம் முறை எடுத்துப் பேசியிருக்கின்றனர். இணைப்போர் இதில் காதலின் ஒப்புதலைக் காண்கின்றனர். மறுப்போர் தொழில் அறத்தின் எச்சரிக்கையைக் காண்கின்றனர். அச்சிறுவனைப் பற்றிப் பேசுவோர் குறைவு. அவனுடைய சாவு, பெரியவர் இருவரின் உறவை விளக்கும் ஒரு குறிப்பாகச் சுருங்கிவிடுகிறது. அன்பு தன்னளவில் நல்லது. ஆனால் அந்நன்மை, தன் வட்டத்துக்கு வெளியே நிற்பவனை மறக்கச் செய்யும்போது அது பிறருக்கு எமனாகவும் ஆகக்கூடும். இந்த அறத்தை ஒரு குற்றத் தொடர் இத்தனை கூர்மையாகச் சொன்னதற்காக அதனைப் பாராட்ட வேண்டும்.

முல்லையில் இருந்தவள்

இனிக் கேத்தியிடம் வருவோம். இவ்வாதத்தில் எவரும் நெடுநேரம் தங்காத இடம் இது.

கேத்தியைத் தொடர் மிகக் குறைவாகவே காட்டுகிறது. காட்டும்போதெல்லாம் அவள் ஒரு வாசலில் நிற்கிறாள். தொலைபேசியின் மறுமுனையில் இருக்கிறாள். ஆறிப்போன உணவின்முன் அமர்ந்திருக்கிறாள். கணவன் தான் கண்ட கொடுமைகளை வீட்டுக்குள் கொணரலாகாது என்று வாயடைத்துக்கொள்கிறான். அந்த மௌனம் குடும்பத்தைக் காக்கும் சுவர் என்பது அவனுடைய எண்ணம். அவளுக்கோ அது தன்னை வெளியே நிறுத்தும் சுவர். அவனுடைய நெஞ்சில் உள்ளதை அறிந்தவள் வேறொருத்தி என்பது அவளுக்குத் தெரியும். ஆறாம் பருவத்தில் அவள் பிள்ளைகளோடு பிரிந்து சென்றாள். பின்னர் இருவரும் மீண்டும் இணைந்தனர்.

நம் அகப்பொருள் மரபில் பயின்ற வாசகர்க்கு இந்நிலை புதியதன்று. தலைவன் வினைவயிற் பிரிந்து செல்ல, அவன் வருமளவும் ஆற்றியிருப்பது முல்லை. அவன் வேறிடத்தில் தங்கிவர, அதனைப் பொறாது ஊடுவது மருதம். கேத்தியின் துயரம் முல்லையாகத் தொடங்கி மருதமாகிறது. ஆனால் அவளுடைய ஊடலுக்கு இலக்காக ஒரு பரத்தை இல்லை. கணவன் பிழை ஏதும் செய்யவில்லை, ஒலிவியாவும் செய்யவில்லை. பிழையற்ற இருவரின் தோழமை, மூன்றாவது ஒருத்தியின் இல்லத்தை வெறுமையாக்குகிறது. குற்றம் சாட்ட எவரும் இல்லாத துன்பம் இது. ஆதலின் இதற்கு எந்த நீதிமன்றமும் இல்லை.

நம் பழம்பாடல்கள் இருந்தவளின் குரலை நடுவில் வைத்தன. பிரிந்தவனின் வெற்றியைவிடக் காத்திருந்தவளின் மாலைப்பொழுது அவற்றுக்குப் பெரிதாக இருந்தது. இத்தொடரோ காத்திருந்தவளை ஓரத்தில் வைத்தது. இரசிகர் வாதம் அவளை ஓரத்திலிருந்தும் தள்ளிவிட்டது. இணைப்போருக்கு அவள் தடை. மறுப்போருக்கு அவள் ஒரு வாதச் சான்று. மணவாக்கு என்பது அவன் ஒருவன் கொடுத்ததன்று, அவளும் கொடுத்தது என்பதும், அதனைக் காத்ததில் பெரும்பங்கு அவளுடையது என்பதும் கணக்கில் வருவதில்லை.

இதற்கு ஒரே ஒரு பெரிய விதிவிலக்கு உண்டு. 2007 நவம்பரில் வந்த ‘பட்டர்னிட்டி’ என்னும் அத்தியாயம். நிறைமாதக் கருவுற்றிருக்கும் கேத்தியை மருத்துவரிடம் அழைத்துச் செல்லும் பொறுப்பை ஒலிவியா ஏற்கிறாள். வழியில் குடிபோதையில் வண்டியோட்டி வந்த ஒருவன் அவர்களது காரை மோதுகிறான். நசுங்கிய வண்டிக்குள் கேத்தி சிக்கிக்கொள்கிறாள். தானும் அடிபட்ட ஒலிவியா, வெளியே செல்லாமல், அவளது கையைப் பற்றிக்கொண்டு உடனிருக்கிறாள். மீட்டெடுக்கப்பட்ட கேத்தி, மருத்துவமனைக்குச் செல்லும் வழியில் ஓர் ஆண்மகவை ஈன்றெடுக்கிறாள். பின்னர் ஸ்டேப்ளர் ஓடிவந்து ஒலிவியாவை அணைத்துக்கொள்கிறான்.

அந்த அணைப்பைப் பற்றி இரசிகர் பேசாத நாளில்லை. ஆனால் அவ்வத்தியாயத்தின் உயிர் அணைப்பில் இல்லை. நசுங்கிய வண்டிக்குள் ஒரு பெண்ணின் கை மற்றொரு பெண்ணின் கையைப் பற்றியதில் இருக்கிறது. 12 பருவங்களில் ஒருமுறை, அன்பின் விலையை ஒலிவியாவே கொடுக்கிறாள்; அதுவும் தன் தோழனுக்காக மட்டுமன்றி, அத்தோழமையால் இழந்தவளுக்காகக் கொடுக்கிறாள். இருவர்க்கு இடையிலான அன்பு மூன்றாமவரை நோக்கித் திறக்கும்போது அது எத்துணை உயர்ந்ததாகிறது என்பதற்கு, இத்தொடரில் இதற்கு மேலான காட்சி இல்லை.

பிரிவும் மடலும்

2011 மே மாதத்தில் வந்த 12ஆம் பருவத்தின் இறுதி அத்தியாயத்தில், காவல் நிலையத்துக்குள் துப்பாக்கியால் சுட்ட ஒரு சிறுமியை ஸ்டேப்ளர் சுட்டுக் கொல்ல நேர்கிறது. அதன்பின் நடிகர் மெலோனியின் ஒப்பந்தப் பேச்சு முறிந்தது. அவர் தொடரை விட்டு விலகினார். ஆகவே அடுத்த பருவத்தின் தொடக்கத்தில் ஸ்டேப்ளர் பணி ஓய்வு பெற்றுவிட்டான் என்னும் செய்தி மட்டும் ஒலிவியாவுக்கு வருகிறது. அவன் விடைபெறவில்லை, ஒரு சொல்லும் இல்லை. அவள் தனியே அழுகிறாள். பின்னர் 2013இல் ஒரு கொடியவன் அவளைக் கடத்திச் சித்திரவதை செய்தபோதும் அவன் வரவில்லை. அவள் பதவியில் உயர்ந்தாள், நோவா என்னும் மகனைத் தத்தெடுத்தாள், பிரிவின் தலைவியானாள். நடிகரின் ஒப்பந்தச் சிக்கல் கதைக்குள் ஒரு மாந்தரின் பெருங்காயமாக மாறிய விந்தை இது.

பத்தாண்டுக்குப் பின், 2021 ஏப்ரல் 1 அன்று, ஸ்டேப்ளர் திரும்பி வந்தான். அன்றே கேத்தி சென்ற கார் வெடிகுண்டால் தகர்க்கப்பட்டது. அக்காயத்தால் அவள் இறந்தாள். நெடுங்காலத் தடை ஒரே அத்தியாயத்தில் அகற்றப்பட்டது. இரசிகருள் இணைப்போரும்கூட இதனை முழு மனத்துடன் வரவேற்கவில்லை என்பதைச் சொல்ல வேண்டும். வழி திறக்கவேண்டும் என்று விரும்பியவர்கள், திறந்த விதத்தைக் கண்டு கூசினர். அக்கூச்சம் அவர்களது நேர்மைக்குச் சான்று.

அதே அத்தியாயத்தில் ஸ்டேப்ளர் ஒலிவியாவிடம் ஒரு மடலைக் கொடுக்கிறான். இருவர்க்கும் இடையில் இருந்தது மெய்யானதன்று என்னும் பொருள்பட அது எழுதப்பட்டிருக்கிறது. பின்னர் உண்மை வெளிப்படுகிறது: அம்மடலின் சொற்கள் கேத்தியுடையவை. வேறோர் உலகில் நிலைமை வேறாக இருந்திருக்கும் என்னும் கருத்தமைந்த கடைசி வரியை மட்டும் அவன் தானாகச் சேர்த்தான்.

இரசிகர் அந்த ஒற்றை வரியைக் கொண்டாடினர். அதற்கு முந்திய வரிகளைச் சற்று எண்ணிப் பாருங்கள். இருபதாண்டுக்கும் மேலாகச் சொல்லின்றி நின்ற ஒரு மனைவி, ஒரே ஒருமுறை தன் மனத்தில் உள்ளதைச் சொற்களாக்குகிறாள். அச்சொற்களும் கணவனின் கையெழுத்தில், கணவனின் பெயரில் செல்கின்றன. அவற்றின் முடிவை அவன் மாற்றிவிடுகிறான். வாய் திறக்க முடியாதவர்க்குக் குரல் கொடுப்பதே தன் பணி என்று சொல்லும் ஒரு தொடர், தன் வீட்டுக்குள் குரலற்றுப் போன ஒருத்தியைக் கவனிக்கவில்லை. இது இத்தொடரின் பெரிய குறை. இதைவிடப் பெரிய சான்றும் நமக்குத் தேவையில்லை.

மூத்த மகன்

ஸ்டேப்ளர் திரும்பிய அந்த அத்தியாயத்துக்கு வைக்கப்பட்ட பெயர் ‘ஊதாரி மைந்தனின் மீள்வருகை’ என்று பொருள்படும். லூக்கா நற்செய்தியின் 15ஆம் அதிகாரத்தில் உள்ள உவமையைத் தொடர் தானே கையில் எடுத்திருப்பதால், அவ்வுவமையைக் கொண்டே அதனை அளப்பதில் தவறில்லை.

ஸ்டேப்ளர் ஊதாரி மைந்தன் எனில், ஒலிவியா யார்? ஓடிச்சென்று கட்டித் தழுவும் தந்தை என்றே பலர் கொள்வர். இணைப்போரின் எதிர்பார்ப்பும் அதுவே. கதையைக் கூர்ந்து நோக்கினால், அவள் மூத்த மகனின் இடத்தில் நிற்கிறாள். அவன் சென்ற நாளிலிருந்து அவள் வயலில் உழைத்தாள். சுமைகளைத் தனியே சுமந்தாள். விடைபெறாமல் சென்றவன் ஒரு நாள் வந்து நிற்கிறான். உடனே ஊரெல்லாம் விருந்தொலி கேட்கிறது. இரசிகர் கூட்டமே அவ்விருந்து. ‘உள்ளே வா, மகிழ்ச்சியில் கலந்துகொள்’ என்று அவளை அனைவரும் அழைக்கின்றனர். ‘எனக்கு நேர்ந்ததற்குக் கணக்கு எங்கே?’ என்று அவள் வாசலில் நிற்கிறாள். மூத்த மகனைக் கடின நெஞ்சன் என்று எளிதில் பழித்துவிடுகிறோம். அவனுடைய வருத்தத்தில் ஒரு நியாயம் இருந்தது. அதனால்தான் தந்தை அவனைக் கண்டிக்காமல், அவனிடமும் வெளியே வந்து வருந்திக் கேட்டுக்கொண்டார்.

2023 ஜனவரியில், ஒலிவியாவின் வீட்டு அடுக்களையில் இருவரும் மிக நெருங்கி நிற்கின்றனர். முத்தத்துக்கு ஒரு மூச்சளவே இடைவெளி. அவள் விலகிக்கொள்கிறாள். தன்னால் இயலவில்லை என்கிறாள். விருப்பமின்மையால் அன்று, அச்சத்தால்.

இக்காட்சி இரசிகரிடையே பெருஞ்சினத்தை எழுப்பிற்று. 24 ஆண்டு காத்திருந்தும் மறுபடியும் தள்ளிப்போட்டுவிட்டனர் என்றனர் இணைப்போர். அவர்களது ஐயம் நியாயமானதே. வணிகக் கயிறு இன்னும் அறுபடவில்லை என்பதை மறுப்பதற்கில்லை. எனினும், எழுதியவர் நோக்கம் எதுவாயினும், எழுதப்பட்ட காட்சி தன் சொந்த உண்மையைப் பேசுகிறது. சிறுவனின் சாவும், நசுங்கிய வண்டியும், விடைபெறாத பிரிவும், இறந்துபோன மனைவியும் அந்த அடுக்களையில் அவர்களோடு நிற்கின்றனர். இத்தனை ஆண்டுகள் பிறர் கொடுத்த விலையை அறிந்த ஒருத்தி, அவ்விலையை எண்ணிப் பாராமல் மகிழ மறுக்கிறாள். காயத்தைக் காயம் என்று ஒப்புக்கொண்டபின்தான் மன்னிப்பு தொடங்கும் என்பதை, பாதிக்கப்பட்டோரிடம் ஆயிரம் முறை சொன்னவள் அவள். அதனைத் தனக்கும் சொல்லிக்கொள்ள அவளுக்கு உரிமை உண்டு.

ஆகவே இணைப்போருக்கும் மறுப்போருக்கும் திறனாய்வு சொல்லக்கூடியது இதுவே. இவ்விருவரின் உறவுக்குப் பெயரிடுவதில் நெடுங்காலம் செலவிட்டாயிற்று. காதல் என்றாலும் நட்பு என்றாலும் அதன் தரம் பெயரில் இல்லை. அதன் ஒளியில் நின்றவர் யார், அதன் நிழலில் நின்றவர் யார் என்னும் கணக்கில் இருக்கிறது. அக்கணக்கில் கேத்திக்கு ஓரிடம் தராத எந்த முடிவும், மணமாயினும் பிரிவாயினும், இக்கதைக்கு நேர்மையான முடிவாகாது. கேத்தியை நினைவுகூர்ந்து, அவள் பெற்ற மகனின் முன்னிலையில் நாணாமல் நிற்கக்கூடிய அன்பாக அது வளருமாயின், அதன்பின் அதற்கு எப்பெயர் இட்டாலும் பொருந்தும்.

நற்செய்தியின் அவ்வுவமை, மூத்த மகன் உள்ளே சென்றானா இல்லையா என்பதைச் சொல்லவில்லை. தந்தை வாசலில் நின்று அழைக்கிறார். உள்ளே இசை கேட்கிறது. மகன் என்ன செய்தான் என்பது எழுதப்படவில்லை. இருபது நூற்றாண்டுகளாக அம்முடிவின்மையோடு வாழ மனிதர் பழகியிருக்கின்றனர். அடுக்களையில் நின்றுபோன ஒரு முத்தத்துக்காக வருந்தும் இரசிகர்களும், கதவுக்கு வெளியே நிற்பவளை இன்னும் சற்று நேரம் நிற்க விடலாம். அவள் நிற்பது பிடிவாதத்தால் அன்று. உள்ளே வர முடியாமற்போனவர்களை அவள் இன்னும் எண்ணிக்கொண்டிருக்கிறாள்.